அடியில் பாடினவர் யாருங்க?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டு வந்தப்போ யூடியூப் சேனல்களுக்கு ஒரே குஷி. தம்நெயிலைப் பார்த்தா ஏதோ ஆவி இறக்கின மாதிரி! பாடகர் ஷாகுல் ஹமீது 1997ல் இறந்து போனவர், பாடகர் பம்பா பாக்யா 2022ல். ரெண்டு பேர் குரலையும் ஏஐ வைத்துக் கொண்டுவந்தாங்க. குடும்பத்தார்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததா ரஹ்மான் சொன்னார். அதுதான் முறை. கேட்காமல் எஸ்.பி.பி. குரலை எடுத்தாங்கன்னு ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினதும் நியாயம்தான்.

என் கடுப்பு வேற. இந்த வித்தையில் பெரும்பாலும் உயிரோடு இருக்கிற ஒருத்தர் முதலில் முழுப் பாட்டையும் பாடணும். எங்கே மூச்சு விடணும், எந்த எழுத்தை அழுத்தணும், எங்கே குழையணும், எல்லாம் அவர் போடுறது. மென்பொருள் மாற்றுவது குரலின் நிறத்தை, அதாவது இது இன்னார் குரல்னு காட்டுற தன்மையை மட்டும்.

'ராசாத்தி என் உசுரு' போட்டு ஹெட்போன்ல கேளுங்க. வாத்தியம்னு பெரிசா ஒண்ணும் கிடையாது, கோரஸ்தான். அந்த "உசுரு" இழுவையில் இருக்கிற ஏக்கம் ஷாகுல் ஹமீது எடுத்த முடிவு. அதை எந்த ஏஐ மாடல் தரும்?

அப்போ அந்த ஏஐ குரலுக்கு அடியில் பாடினவருக்கு என்ன பேர், என்ன சம்பளம்? பேட்டி எடுக்கிற ஒரு ஆளாவது இதைத் தோண்டலாமே. ம்ஹூம். அதுக்குள்ள எந்த நடிகையோ இன்ஸ்டாவில் கணவர் போட்டோவை எடுத்துட்டாங்களாம், மைக் மொத்தமும் அங்கே ஓடிடுச்சு.