சாண்ட்லரா பியோரியாவா: நாலு நாள் வெயில்ல காஞ்சு பாத்துட்டு வந்த கதை

இன்னைக்குக் காலையில காபி ஆத்திட்டு இருக்கும்போது வாடகைக் கார் கம்பெனில இருந்து மெயில் வந்துச்சு. நாலு நாளைக்கு டோல் பாஸ்னு தனியா 52 டாலர் போட்டிருக்கான். அரிசோனாவுல டோல் ரோடே கிடையாதுங்க! ஏர்போர்ட் கவுன்டர்ல இருந்த பையன் "எதுக்கும் போட்டுக்கோங்க, பின்னாடி ஃபைன் வந்தா கஷ்டம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னான், இவரும் நியூ ஜெர்சி பழக்கத்துல தலையை ஆட்டிட்டாரு. நான் அந்த நேரம் பாத்ரூம் போயிருந்தேன், இல்லன்னா நடந்திருக்காது. ஃபீனிக்ஸ் போறவங்க யாரா இருந்தாலும் இதை மட்டுமாவது மனசுல வெச்சுக்கோங்க.

சரி, போனது எதுக்குன்னா, இவருக்கு ஃபீனிக்ஸ்ல டிஎஸ்எம்சிங்கற தைவான் சிப் கம்பெனில வேலை கிடைச்சிருக்கு, ஆகஸ்ட்ல சேரணும், அதுக்குள்ள வாடகைக்கு வீடு பாக்கணும். விசாரிச்ச எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு "சாண்ட்லர் போங்க, நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதான்"னாங்க, அது ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கால ஒட்டி இருக்குற ஊரு. இன்டெல் ரொம்ப வருஷமா சாண்ட்லர்ல இருக்குறதால ஒவ்வொருத்தரா வந்து சேந்த கூட்டம் அது. ஆனா டிஎஸ்எம்சி இருக்குறது ஊருக்கு வடக்கால, ஐ-17 ரோடும் 303 ரோடும் சேர்ற இடத்துக்குப் பக்கத்துல. மேப்ல பாத்தா ரெண்டும் ஊரோட எதிரெதிர் மூலை. அதனால ரெண்டு ராத்திரி மேற்குல, ரெண்டு ராத்திரி கிழக்குலன்னு தங்கி வாடகை, டிராஃபிக், கடை, கோயில்னு வரிசையா பாத்து எழுதிடலாம்னு நோட்டெல்லாம் வாங்கிட்டுப் போனேன். வாடகையைத் தவிர அந்த நோட்டுல இருக்குறது சாப்பாட்டுக் கணக்கு மட்டும்தான்.

முதல்ல வெயில் பத்தி சொல்லிடறேன். நான் வேலூர்க்காரி. எங்க ஊரை வெயிலூர்னு கிண்டல் பண்றதைக் கேட்டே வளந்தவ, எனக்கென்ன வெயில்னு திமிரா போய் இறங்கினேன். ஜூன் கடைசி, 115 டிகிரி, அதாவது நம்ம கணக்குக்கு 46. வேர்வையே தெரியல, வர்றதுக்கு முன்னாடியே காஞ்சிடுது, மூக்கு உள்ள எரியுது, ஓவனைத் திறந்தவுடனே முகத்துல அடிக்குமே அந்த மாதிரி காத்து. கார் சீட் பெல்ட்டோட இரும்பு பக்கிள் கையில பட்டு சுளீர்னு சுட்டுடுச்சு. ஹோட்டல்ல பச்சத்தண்ணிப் பைப்பைத் திறந்தா சுடுதண்ணி, மத்தப் பைப்பைத் திறந்தாலும் சுடுதண்ணி, ஊர்ல மே மாசம் மொட்டைமாடி டேங்க்ல இருந்து வருமே அதேதான். 2023ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்லையாம் இந்த ஊர்ல. ஆனா இந்த சீசன்ல யாரும் வராததால ஹோட்டல் சல்லிசு, க்ளெண்டேல் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல நல்ல ரூம் 68 டாலருக்குக் கிடைச்சுது. மார்ச்ல பேஸ்பால் டீமெல்லாம் பிராக்டிஸுக்கு வந்து எறங்கும்போது இந்த விலைக்கு இந்த ஏரியாவுல கார் நிறுத்த இடம் கிடைக்குமான்னே சந்தேகம்.

மேற்குப் பக்கம் எனக்குப் பிடிக்கும்னு நினைக்கவே இல்ல. முதல்ல சர்ப்ரைஸ்னு ஒரு ஊர், பேரே அதான். 1938ல அந்த ஊரை ஆரம்பிச்ச அம்மா, இது ஒரு ஊரா வளந்தா எனக்கே ஆச்சரியம்தான்னு சொன்னதால வந்த பேராம். வளந்து தொலைச்சிருக்கு, முடியவே மாட்டேங்குது, எல்லா வீடும் ஒரே மண் கலரு, ஒரே ஓட்டுக்கூரை, வாசல்ல புல்லுக்குப் பதிலா ஜல்லிக்கல்லு, ஓரத்துல ஒரு கள்ளிச்செடி. ஒரு தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல வெளிய வந்தா அதே தெருவுக்கே திரும்ப வந்துட்டோமான்னு சந்தேகம் வருது. ரெண்டு பெட்ரூம் 1,540ன்னு சொன்னாங்க, ஸ்விம்மிங் பூலோட. நியூ ஜெர்சி எடிசன்ல நாங்க குடுக்குற வாடகையை நினைச்சு எனக்கு நெஞ்சு அடைச்சுது.

அபார்ட்மென்ட் ஆபீஸ்காரம்மா பாத்ரூம் டைல்ஸைக் காமிச்சுட்டு இருக்கும்போதே தலைக்கு மேல ஒரு சத்தம், வானமே கிழிஞ்ச மாதிரி. லூக் ஏர்ஃபோர்ஸ் பேஸ் பக்கத்துலயே இருக்கு, எஃப்-35 பைலட்டுங்களுக்கு டிரெயினிங் குடுக்குற இடம். அந்தம்மா ஒரு செகண்ட் பேச்சை நிறுத்திட்டு, சத்தம் போனதும் விட்ட இடத்துல இருந்தே டைல்ஸைத் தொடர்ந்தாங்க. அந்தப் பழக்கம் இருக்கே, அதைப் பாத்துதான் எனக்குப் பயமே வந்துச்சு.

அங்கிருந்து திரும்பும்போது வழி தவறி சன் சிட்டிக்குள்ள போயிட்டோம். 1960ல ரிட்டயர்டு ஆளுங்களுக்குன்னே கட்டின ஊரு, தெருவெல்லாம் வட்டம் வட்டமா, நடு ரோட்டுல தாத்தாக்கள் கோல்ஃப் வண்டி ஓட்டிட்டுப் போறாங்க. ஒரு குழந்தையைக்கூட பாக்கல. வட்டத்துக்குள்ளயே மூணு சுத்து சுத்தினோம், பிரதட்சிணம் பண்ணின மாதிரி. இவரு "அறுபது வயசுல இங்க வந்துடலாம்"ங்கறாரு, நான் பதிலே சொல்லல.

மத்தியானம் பசி. இதுக்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பயணத்துலயே சிறந்த விஷயம். க்ளெண்டேல் பக்கம் ஒரு ஓரமா சின்ன மெக்சிகன் ஐஸ் கடை, போர்டு முழுக்க ஸ்பானிஷ், மாங்கோனாடான்னு ஒண்ணு வாங்கினோம், 7 டாலர். மாம்பழத்தை ஐஸோட அரைச்சு, மேல துண்டு துண்டா மாம்பழம், அதுமேல புளிப்பும் உப்பும் காரமுமா சமோய்னு ஒரு சிவப்புக் குழம்பு, மிளகாய்த்தூள், புளி தடவின ஒரு குச்சி வேற. ஒரு ஸ்பூன் வாயில வெச்சதும் ஸ்கூல் வாசல்ல பாட்டி நியூஸ்பேப்பர்ல மாங்காய்க் கீத்துல உப்பும் மிளகாப்பொடியும் தூவிக் குடுக்குமே, கண்ணு முன்னாடி வந்துடுச்சு. 46 டிகிரி வெயிலுக்கு இதைவிட மருந்து கிடையாது. இன்னொண்ணு வாங்கினோம். சாயங்காலம் திரும்பப் போனோம். ராத்திரி அதுக்குப் பக்கத்துலயே தள்ளுவண்டில சோனோரன் ஹாட்டாக், பன்னிக்கறி சுத்தின சாசேஜை மெத்துனு ஒரு ரொட்டில வெச்சு, பயறு, வெங்காயம், தக்காளி, மயோனைஸ் எல்லாம் போட்டு, இவரு மூணு சாப்பிட்டாரு. ரெண்டு பேருக்கும் அன்னைக்கு முழுக்க சாப்பாட்டுச் செலவு 50 டாலர் தாண்டல.

மறுநாள் ஐ-10 புடிச்சு கிழக்கால போனோம், காலையில ஏழு மணிக்கு. இதை யாருமே சொல்லல எங்களுக்கு. மேற்குல குடியிருந்து ஊருக்குள்ள வேலைக்குப் போறவனுக்குக் காலையில சூரியன் நேரா மூஞ்சில, சாயங்காலம் திரும்பும்போதும் நேரா மூஞ்சில. கிழக்குல இருக்குறவனுக்கு ரெண்டு வேளையும் முதுகுக்குப் பின்னாடி. வருஷம் பூரா, தினமும் ரெண்டு தடவை! டவுன்டவுன் டனலுக்கு முன்னாடி வண்டியெல்லாம் ஊர்ந்துட்டு நிக்குது, கண்ணு கூசுது, முன்னாடி போறவன் பிரேக் லைட்டே தெரியல. மெட்ரோ மாதிரி ஏதாவது இருக்கான்னு கேக்காதீங்க, லைட் ரயில் மேசா, டெம்பி, ஃபீனிக்ஸ் வரைக்கும்தான், க்ளெண்டேல் 2017லயே எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டுது.

சாண்ட்லர் வேற உலகம். ரோடு ஓரமெல்லாம் மரம், குட்டிக் குட்டி ஏரி, ஒரே கடை வரிசையில இந்தியன் மளிகை, சாட் கடை, புருவம் திருத்துற கடை. இவரு ஃப்ரெண்டோட வீட்டுக்காரங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், அவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நீர்மோர் குடுத்து "வாடி, இங்கதான் வரப்போற, வேற எங்கயும் பாக்காத"ன்னு தீர்ப்பே சொல்லிட்டாங்க. நல்லா இருக்கு, மறுக்கல. ஆனா பக்கத்துலயே நாங்க கேட்ட ரெண்டு பெட்ரூம் 1,920, பூல் சர்ப்ரைஸ்ல பாத்ததைவிட சின்னது. வெளிய சாப்பிட்ட பொடி தோசை 15 டாலர், டிப்ஸ் தனி, சட்னி ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வந்த மாதிரி ஜில்லுனு. நம்ம ஆளுங்க கூட்டமா இருக்குற ஊர்ல தோசை நல்லா இருக்கும்னு ஒரு சட்டமும் இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

மகா கணபதி கோயிலுக்கும் கூட்டிட்டுப் போனாங்க, அது சாண்ட்லருக்கும் தெற்கால மாரிகோபாங்கற ஊர்ல இருக்கு, 347ங்கற ஒரே ரோடு, ரெண்டு பக்கமும் வெட்டவெளி. திரும்பும்போது வண்டிங்க வரிசை கட்டி நின்னுடுச்சு, அக்கா அதையும் "இது எப்பவும் இப்படித்தான்"னு சாதாரணமா சொன்னாங்க. அந்த ஏர்ஃபோர்ஸ் சத்தத்துக்குப் பேச்சை நிறுத்தின அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. ஆளாளுக்கு ஒண்ணு பழகிக்கிட்டிருக்காங்க.

வேமோ பத்தி சொல்லாம விட்டா என் பையன் கோச்சுக்குவான். டிரைவரே இல்லாத டாக்ஸி, 2020லயே இந்தப் பக்கம் பொதுமக்களுக்கு விட்டுட்டான். கதவு திறந்து உள்ள உக்காந்தா ஸ்டியரிங் தானா சுத்துது, நான் முருகா முருகான்னு கம்பியைப் புடிச்சுக்கிட்டேன், அது என்னைவிட ஒழுங்கா இண்டிகேட்டர் போட்டு லேன் மாறுது. 14 டாலர், டிப்ஸ் கிடையாது, டோல் பாஸ் வேணுமான்னு கேக்கவும் இல்ல! சர்ப்ரைஸ்ல இருக்கும்போது ஆப்பைத் திறந்து பாத்திருந்தோம், இங்கல்லாம் வராதுன்னுட்டுது.

கடைசி நாள் காலையில ஆறேகாலுக்குக் கிளம்பி அக்கா வீட்டுல இருந்து டிஎஸ்எம்சி கேட் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம். 58 நிமிஷம். இவரு முகம் தொங்கிடுச்சு. அங்கிருந்து அப்படியே 303ல மேற்கால போய் பியோரியா, இது சர்ப்ரைஸ் இருக்குற மேற்குப் பக்கத்துலயே கொஞ்சம் வடக்கு, 20 நிமிஷம்தான், சுத்தி மலை, சகுவாரோ கள்ளி, ஜெட் சத்தமும் அவ்வளவா இல்ல, ரெண்டு பெட்ரூம் 1,610. சூரியன் மூஞ்சிலதான், ஆனா 20 நிமிஷத்துக்குத்தானே. தண்ணி பத்தி மட்டும் அந்த ஆபீஸ்ல குடைஞ்சு குடைஞ்சு கேட்டேன், ஏன்னா 2023ல நிலத்தடித் தண்ணியை மட்டும் நம்பிப் புது வீடு கட்ட அனுமதி இல்லைன்னு மாநிலம் சொல்லிடுச்சு, மேற்குக் கோடில பக்-ஐ (Buckeye)ங்கற ஊரு, கிழக்குக் கோடில குவீன் க்ரீக், ரெண்டு பக்கமும் அடி. எங்களுக்கு வாடகைதானே, நீ எதுக்குக் கவலைப்படறேங்கறாரு இவரு. பைப்பைத் திறக்கப்போறது நான்தானே.

அட்வான்ஸ் குடுத்துட்டோம், பியோரியாவுக்கு. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், ஒரு நாள் பூரா பதிலே இல்ல, அப்புறம் "இட்லி மாவுக்கு என்ன பண்ணுவ?"ன்னு ஒரே வரி. நியாயமான கேள்விதான். சாண்ட்லர் போயிட்டு வர 90 மைல், பெட்ரோலே பத்து டாலருக்குக் குறையாது, மாவு பாக்கெட்டு 6 டாலர். அதனால வெட் கிரைண்டரை எப்படியாவது மூவர்ஸ் லாரில ஏத்தியாகணும், அவன் வெயிட்டுக்குக் காசு கேப்பான், அதுக்கு முன்னாடி இந்த 52 டாலரைத் திரும்ப வாங்கணும், காலையில இருந்து ஹோல்டுலயே போட்டு வெச்சிருக்கான், ஸ்பீக்கர்ல அவன் போடுற மியூசிக் ஓடிட்டே இருக்கு.