டர்ன்டேபிள் பிராக்டிகல் தேர்வு: கார்ட்ரிட்ஜ் கட்டுவதும் கோளாறு பிடிப்பதும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கொச்சிக்கு டிஜே படிக்கப் போகும் தம்பிமார் என்னிடம் கேட்பதெல்லாம் ஸ்க்ராட்ச் (ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்புவது) பற்றித்தான். தேர்வில் மார்க் போவது அங்கே இல்லை. ரெக்கார்டை ஓட்டும் டர்ன்டேபிளிலிருந்து கழற்றிப் போட்ட டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), ஹெட்ஷெல் (அதன் நுனியில் மாட்டும் பிடி), கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் சின்னப் பெட்டி), நாலு ஒயர், ரெண்டு ஸ்க்ரூ இவற்றை மேசையில் வைத்து, "இதை வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வா" என்பார்கள். அது முடிந்ததும், வேண்டுமென்றே கெடுத்து வைத்த இன்னொரு செட்டைக் காட்டி "எந்தா ப்ரஷ்னம்?" (என்ன கோளாறு?) என்று கேட்பார்கள். நான் படித்த இடத்தில் கை வேகத்தை யாரும் பார்க்கவில்லை. எதை முதலில் தொட்டாய், ஏன் தொட்டாய் என்பதைத்தான் பார்த்தார்கள்.

வரலாற்றுக் கேள்வி ஒன்றிரண்டு வரும். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வந்தது 1972இல். டிஜேக்கள் கொண்டாடும் எம்கே2 1979இல். 2010இல் உற்பத்தியை நிறுத்தி, 2016இல் மறுபடி தொடங்கினார்கள். எம்கே7 2019இல் வந்தது. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பதையே விட்டுவிட்டது. அதனால் அவர்களுடைய பழைய எம்44-7 கார்ட்ரிட்ஜ் கையில் கிடைத்தால் ஊசி அசல்தானா என்று பார்ப்பது நல்லது. இந்தப் பகுதிக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் கட்டுவதில் முதல் வேலை ஒயர். வெள்ளை இடது சிக்னல், நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது சிக்னல், பச்சை வலது கிரவுண்ட். தூக்கத்தில் கேட்டாலும் இது வாயில் வர வேண்டும். கிளிப்பை இடுக்கியால் மெதுவாகத் தள்ளுங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று சால்டரிங் அயர்னைப் பின் பக்கம் கொண்டு போனால், சூடு உள்ளே இறங்கிக் கம்பிச் சுருளான காயிலைக் கெடுத்துவிடும். தேர்வாளர் கண்ணெதிரே அதைச் செய்தால் அன்றைய கதை முடிந்தது.

அடுத்தது ஊசி நிற்கும் இடம். டெக்னிக்ஸ் ஆர்முக்கு, ஹெட்ஷெல் கழுத்து விளிம்பிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர். அந்த நிறுவனத்தின் அளவுகோலும் இதைத்தான் காட்டும். நம் பையன்கள் குழம்புவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் பேர்வால்ட் புரோட்ராக்டரை (ஊசிக் கோணம் பார்க்கும் அளவுத் தாள்) அச்செடுத்து வைத்துப் பார்த்தால் ஊசி சில மில்லிமீட்டர் முன்னே வரச் சொல்லும். ரெண்டும் தவறில்லை, ரெண்டும் வேறு கணக்கு. பேர்வால்ட் கணக்கில் தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டரில் ஊசி கோணம் பிசகாமல் நிற்கும். டெக்னிக்ஸ் கணக்கில் அந்த ரெண்டு இடமும் இன்னும் உள்ளே வரும். தேர்வில் எந்த அளவுகோலைத் தந்தார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதி இது, பாதி அது என்று கலந்தால் உள்வட்டப் பாட்டில் 'ஸ' ஒலியெல்லாம் கரகரக்கும்.

ஆர்ட்டோஃபோன் கான்கார்ட் மாதிரி ஹெட்ஷெல்லோடு ஒன்றாக வரும் கார்ட்ரிட்ஜ் என்றால் இந்த அளவு வேலையே இல்லை. செருகி, வளையத்தை இறுக்கினால் போதும். வேலை தெரிந்தவர்களே கிளப்பில் அதைத்தான் விரும்புகிறார்கள், நானும்தான். ஆனால் அதில் மட்டும் பழகிவிட்டுத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடையை வைப்பதைத்தான் நான் அதிகம் பயிற்சி செய்யச் சொல்வேன். ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழை (ஊசி உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டுவது) சுழியில் வையுங்கள். ஊசி உறையைக் கழற்றி, தூக்கும் நெம்பை இறக்கி, ஆர்மைத் தட்டுக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு, ஆர்மின் பின்னால் உள்ள கவுண்டர்வெயிட்டைத் திருப்புங்கள். கைவிட்டால் ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். அப்புறம் எடையை அசைக்காமல், முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் சுழிக்குக் கொண்டு வாருங்கள். அதன் பிறகு ரெண்டையும் சேர்த்துத் திருப்பி வேண்டிய கிராமுக்குப் போகலாம். எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள், கார்ட்ரிட்ஜ் தாளில் எழுதியிருக்கும். எம்44-7க்கு 1.5 முதல் 3 கிராம், கான்கார்ட் ஸ்க்ராட்சுக்கு 4 கிராம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. கடைசியாக டிஜிட்டல் தராசில் சரிபாருங்கள். தராசின் தட்டு இரும்பாக இருக்கக் கூடாது, கார்ட்ரிட்ஜ் காந்தம் இழுத்துத் தப்பான எண்ணைக் காட்டும். ஊசியை வைக்கும் இடம் ரெக்கார்டின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும். ஊசி தாவுகிறது என்று கவுண்டர்வெயிட்டின் மேல் காசை ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது முன்பக்க எடையைக் குறைக்கத்தான் செய்யும்!

ஆர்ம் உயரம்: ரெக்கார்டின் மேல் ஊசி உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், ஆர்ம் ரெக்கார்டுக்கு இணையாக இருந்தால் சரி.

கோளாறு பிடிக்கும் பகுதியில் எனக்குக் குரு, எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருந்த ஒரு பெரியவர். சின்னத் தட்டு, பெரிய தட்டு எல்லாம் ஓட்டிய கை. "ஒரே நேரத்தில ரெண்டைத் தொடாதீங்க தம்பி, எது சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்" என்பார். வலது ஸ்பீக்கரில் சத்தம் இல்லை என்று வையுங்கள். மிக்சரில் (டர்ன்டேபிள்களின் ஒலியைக் கலக்கும் பெட்டி), டர்ன்டேபிளிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்னை இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் இடதுக்குப் போனால் கோளாறு டர்ன்டேபிளில். வலதிலேயே நின்றால் மிக்சரிலோ அதற்கு அப்பாலோ. டர்ன்டேபிள்தான் என்றால், பக்கத்து டெக்கின் ஹெட்ஷெல்லை எடுத்து இதில் மாட்டுங்கள். சத்தம் வந்துவிட்டால் பழைய ஹெட்ஷெல்லின் ஒயரையும் பின்னால் உள்ள நாலு முனைகளையும் பாருங்கள். கொச்சி ஈரத்தில் அந்த முனைகள் சீக்கிரம் கறுத்துவிடும், பஞ்சில் ஐசோபுரோபைல் தொட்டுத் துடைத்தால் பாதி நேரம் அதோடு சரியாகிவிடும். ஹெட்ஷெல் மாற்றியும் வராவிட்டால் ஆர்மின் உள் ஒயரோ ஆர்சிஏ கேபிளோ. இதை வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மலையாளம் தடுமாறினாலும் பரவாயில்லை, வரிசை சரியாக இருந்தால் மார்க் தருவார்கள்.

ரெண்டு பக்கமும் "ம்ம்ம்" என்று இரைகிறதா? முதலில் டர்ன்டேபிளிலிருந்து மிக்சருக்குப் போகும் கிரவுண்ட் ஒயர். ஒரு பக்கம் மட்டும் இரைந்தால் நீலமோ பச்சையோ கழன்றிருக்கும். சத்தம் வருகிறது, ஆனால் பேஸ் இல்லை, பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை என்றால் ஒரு பக்கத்தில் சிக்னலும் கிரவுண்டும் மாறியிருக்கும். மோனோவில் போட்டால் இன்னும் மெலியும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிந்து, சத்தமும் சின்னதாக இருந்தால் ஒயரைத் தொடாதீர்கள், மிக்சர் ஸ்விட்ச் ஃபோனோவுக்குப் பதில் லைனில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கி, பேஸை மீட்டுத் தருவது ஃபோனோ ப்ரீஆம்ப்.

ஊசி தாவினால் எல்லாரும் எடையைக் கூட்டுகிறார்கள். முதலில் ஊசியைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் ஒரு பாட்டு முடிவதற்குள் ஊசியில் தூசிக் கட்டி சேரும். பிரஷ்ஷைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுங்கள். முன்னால் நின்று பார்த்தால் ஊசித் தண்டு நேராக இருக்கிறதா? ஒரே இடத்தில் தாவினால் குற்றம் ரெக்கார்டில், எல்லா இடத்திலும் தாவினால் செட்டிங்கில். வெளிப்பக்கம் தாவினால் ஆன்டி-ஸ்கேட்டிங் கூடிப்போயிருக்கும், உள்பக்கம் என்றால் குறைந்திருக்கும். பேஸ் அடிக்கும்போது மட்டும் தாவுகிறது, ஊளையிடுகிறது என்றால் மேசையைச் சந்தேகப்படுங்கள். திருவிழா மேடையில் பெஞ்சுக்கு அடியிலேயே சப்ஊஃபரை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டில் டர்ன்டேபிள் இல்லாதவர்கள் பழைய மைக்செட் பிளேயரில் கை பழகலாம், ஆனால் எச்சரிக்கையோடு. அவற்றில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். சிக்னல் பெரியது, ஊசி எடையும் அதிகம். அந்த எண்களை வைவாவில் (வாய்மொழித் தேர்வு) சொல்லிவிடாதீர்கள்.

வைவாவில் பலரையும் நிறுத்திவிடும் கேள்வி ஒன்று: சில நேர் ஆர்ம் டர்ன்டேபிளில் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழே இல்லையே, அது குறையா? இல்லை. எஸ் வடிவ ஆர்மில் ஹெட்ஷெல் சாய்ந்திருப்பதால்தான் உராய்வு ஊசியை உள்ளே இழுக்கிறது. சாய்வே இல்லாத நேர் ஆர்மில் அந்த இழுப்பு சொற்பம். ஸ்க்ராட்சில் ஊசி எளிதில் தாவாது. பதிலுக்குக் கோணப் பிழை கூடும், ரெக்கார்டும் சீக்கிரம் தேயும்.