கிளாப்பைத் தேடி லிவர்பூல் போகாதீர்கள், மைன்ஸ் போங்கள்

கால்பந்துப் பயிற்சியாளர் யூர்கன் கிளாப் என்றாலே நம் ஆட்கள் லிவர்பூலுக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அங்கே மைதானத்தைச் சுற்றிப் பார்க்கக் காசு, வெளியே வந்தால் சிவப்புப் பனியனுக்கு இன்னும் பெரிய காசு. அந்த ஊரில் அவர் இருந்தது முழுதாக ஒன்பது ஆண்டுகள்கூட இல்லை. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் மைன்ஸில், ஒரே கிளப்பில், 1990 முதல் 2008 வரை இருந்தார். முதலில் ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். அந்த ஊருக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அந்த டாக்ஸிக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார்.

மைன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து, கிளாப் காலத்தில் கிளப் ஆடிய பழைய புரூக்வெக் மைதானம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. மழை கொட்டியதால் டாக்ஸி பிடித்தேன். கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன், முகவரியையும் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே இருக்கும் புதிய மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இது இல்லை, பழையது என்றேன். பழையதில் பார்க்க என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டார்! திரும்பி வரும் வழியிலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. 31 யூரோ. நம் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். வாக்குவாதம் செய்து பார்த்தேன். திடீரென்று அவருக்கு ஆங்கிலம் மறந்துபோனது. அந்தப் பணத்தில் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டிருப்பேன்.

ஒரு லாபம் உண்டு. புதிய மைதானம் இருக்கும் சாலையின் பெயர்ப் பலகையைப் பார்க்க முடிந்தது: ஓய்கன் சாலமோன் தெரு. சாலமோன், கிளாப் இருந்த அதே மைன்ஸ் 05 கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் தலைவராக இருந்தவர். யூதர் என்பதற்காக 1942-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கொல்லப்பட்டார். 2011-இல் இந்த மைதானம் திறந்தபோது அதன் முகவரியே அவர் பெயரில் அமைந்தது. விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் மைதானத்தின் பெயர் மாறும், இந்தத் தெருப் பெயர் மாறாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் நான் போனது புரூக்வெக்கைப் பார்க்க. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், வீடுகளுக்கும் மரங்களுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது. இப்போது கிளப்பின் இரண்டாம் அணி இங்கேதான் நான்காம் நிலை லீக்கில் ஆடுகிறது. என் நல்ல நேரம், அன்று ஆட்டம் இருந்தது. டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு. பயிற்சியாளர் கத்துவது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுகிறது. முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், பக்கவாட்டில் ஓடுகிற பின்கள வீரரின் பூட்ஸ் ஈரப் புல்லைக் கிழிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. கிளாப் இதே கோட்டோரம்தான் ஓடிக்கொண்டிருந்தார். முன்கள வீரராக வந்தவர், 1991-இல் எர்ஃபர்ட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர், பின்னர் வலது பின்களத்துக்குத் தள்ளப்பட்டார். மொத்தம் 325 லீக் ஆட்டங்கள், 52 கோல்கள், எல்லாமே இரண்டாம் டிவிஷனில். முதல் டிவிஷனில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. காலில் அவ்வளவாகச் சரக்கு இல்லை என்பதை அவரே மறைத்ததில்லை.

சரக்கு தலையில் இருந்தது. அதை அங்கே வைத்தவர் வொல்ஃப்காங் ஃப்ராங்க் என்ற பயிற்சியாளர் என்பது என் கட்சி. 1995-இல் மைன்ஸ் பட்டியலின் அடியில் கிடந்தபோது வந்தவர். எதிராளியை ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் அன்றைய ஜெர்மானியப் பழக்கம். இத்தாலியின் மிலான் அணியில் பயிற்சியாளர் அரிகோ சாக்கி செய்ததைப் பார்த்து, இவர் நான்கு பேர் கொண்ட பின்வரிசையை இடம் பிரித்து நிறுத்தினார். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக மொத்த அணியும் சேர்ந்து நகர வேண்டும். அதற்காகப் பந்தே இல்லாமல் மணிக்கணக்கில் பயிற்சி. சாதாரண ஆட்டக்காரர்களைக் கொண்டே தேர்ந்தவர்களைத் திணறடிக்கலாம் என்பதை கிளாப் அங்கேதான் கற்றுக்கொண்டார். பந்தை இழந்த அதே நொடியில், எதிராளி நிமிர்ந்து பார்க்கும் முன்பே, நாலைந்து பேர் பாய்ந்து அதைப் பிடுங்கும் கெகன்பிரஸ்ஸிங்கை உலகமே பிறகு கொண்டாடியது. அதன் வேர் இந்த ஈரப் புல்லில் இருக்கிறது. ஃப்ராங்க் 2013-இல் இறந்தார். ஜெர்மனிக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இதில் எனக்குக் கோபமே உண்டு.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், சிவப்பு வெள்ளைத் துண்டு கழுத்தில், நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். 2001 பிப்ரவரி, கார்னிவல் நேரம். மைன்ஸுக்குக் கார்னிவல்தான் பெரிய திருவிழா. ஊரே வேஷம் கட்டி ஆடிக்கொண்டிருக்க, இறங்குமுகத்தில் இருந்த அணியை பாத் க்ரொய்ட்ஸ்நாக் என்ற ஊரில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பயிற்சியாளரை நீக்கியாயிற்று, அடுத்த ஆள் கிடைக்கவில்லை. கிளப்பின் மேலாளர் கிறிஸ்டியான் ஹைடல், அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த 33 வயது கிளாப்பிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். கார்னிவல் முடிந்த மறுநாளான சாம்பல் புதன் அன்று முதல் ஆட்டம், டூயிஸ்பர்க் அணியை 1-0 என்று வென்றார்கள். மூன்றாம் டிவிஷனுக்கு இறங்காமல் அந்தப் பருவம் தப்பியது.

2003 கதைக்கு வந்ததும் பெரியவரின் குரல் மாறிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே கடைசி நாளில் பெர்லினில் தோற்று முதல் டிவிஷன் வாய்ப்பைக் கோட்டைவிட்டிருந்தார்கள். இந்த முறை கடைசி நாளில் பிரவுன்ஷ்வைக்கில் 4-1 வெற்றி. ஆட்டம் முடிந்துவிட்டது, அதே இடத்துக்குப் போட்டியிட்ட பக்கத்து ஊர் ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஆட்டம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரத்தில் ஃப்ராங்க்ஃபர்ட் ஆறாவது கோலைப் போட்டது. இரு அணிக்கும் சம புள்ளிகள், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் மைன்ஸ் வெளியே. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மனிதர் பக்கத்து ஊரின் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறார். மறு ஆண்டு 2004-இல், 54 புள்ளிகள் என்ற சொற்பக் கணக்கோடு, மூன்றாவதாக வந்து ஏறினார்கள். வரலாற்றில் முதன்முறையாக முதல் டிவிஷன்!

2007-இல் மறுபடி இறங்கினார்கள். அப்போதும் கிளாப் போகவில்லை. 2008-இல் திரும்ப ஏற முடியாமல் போனபோதுதான் டோர்ட்மண்டுக்குப் போனார். மற்றது எல்லோருக்கும் தெரியும்: 2011, 2012 ஜெர்மன் சாம்பியன், 2019-இல் லிவர்பூலுக்கு ஐரோப்பியக் கோப்பை, 2020-இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து லீக் பட்டம். டோர்ட்மண்டுக்கும் ஒரு நடை போய்வந்தேன். மைதானத்தின் தெற்கு மேடையில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். பிரமாண்டம்தான், ஆனால் அங்கே என்னிடம் யாரும் கதை சொல்லவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். சனிக்கிழமை காலை பேராலயத்துக்குப் பக்கத்தில் சந்தை. அதை ஒட்டிய லீப்ஃபிரவுன் சதுக்கத்தில், வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை, சுற்றுவட்டார திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினையே கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். காலைப் பத்து மணிக்குப் பாட்டிமார் கையில் கோப்பை! கறிக்கடையில் வெதுவெதுப்பான பன்றி இறைச்சி சாசேஜில் ஒரு துண்டு வெட்டி, மொறுமொறுப்பான ரொட்டியோடு காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். கடுகுச் சாந்து தொட்டு நின்றபடியே கடிக்க வேண்டும். தோல் பட்டென்று வெடித்துக் கொழுப்பு நாக்கில் இறங்கும்போது ஒரு வாய் குளிர்ந்த ரீஸ்லிங் வெள்ளை ஒயின். பத்து யூரோவுக்குள் முடிந்தது. கோப்பைக்கு வாங்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சைவர்களுக்கு மதுக்கடைகளில் ஸ்பூண்டகேஸ் கிடைக்கும்: வெங்காயமும் மிளகாய்த்தூளும் சேர்த்த பாலாடைக்கட்டிக் கலவை, பிரெட்ஸலோடு. ஒரு தட்டு ஒருவரால் முடியாது.

கிளாப் 2025 ஜனவரியில் ரெட் புல் பான நிறுவனத்தின் கால்பந்துத் தலைவராகப் போய்ச் சேர்ந்தது பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். பதிலுக்கு ஒயின் கடை எங்கே என்று வழி காட்டினார். என்னைக் கேட்டால் அது வேண்டாத வேலை. லைப்ஸிக்கில் அந்த நிறுவனம் காசைக் கொட்டி எழுப்பிய கிளப்பை ஜெர்மன் ரசிகர்கள் இன்றும் மனதார ஏற்கவில்லை. உறுப்பினர்களின் சந்தாவில் வளர்ந்த மைன்ஸில் பேர் வாங்கியவர், ஓய்வெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போயிருக்கக் கூடாது.

சரி, வாக்குக் கொடுத்த தகவல்கள். ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து மைன்ஸுக்குப் புறநகர் ரயிலில் அரை மணி நேரம் போதும். ஊர் ஊராகச் சுற்றுவதானால் மாதாந்தர டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 2025-இல் 58 யூரோவாக இருந்தது. விரைவு ரயிலில் செல்லாது, மற்ற ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். மைன்ஸில் கார்னிவல் சமயத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும், ஃப்ராங்க்ஃபர்ட்டில் பொருட்காட்சி நடந்தாலும் அப்படியே. இரண்டாம் அணியின் ஆட்ட அட்டவணையைப் பார்த்து, சனிக்கிழமை அமைகிற மாதிரி போங்கள். காலையில் சந்தை, மதியம் புரூக்வெக். ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் இருபத்தைந்து நிமிட நடை. மழை பெய்தால் குடை வாங்குங்கள், டாக்ஸி வேண்டாம்.