மாலை ஆறரை மணி வகுப்புகள்

வேலை பார்த்துக்கொண்டே கணினியியலில் முதுநிலைப் பட்டம் படிப்பது பயனுள்ளதா என்று நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சம்பளம் உயருமா என்பதே பெரும்பாலும் அவர்கள் அறிய விரும்புவது. அதற்கான விடை ஆளுக்கு ஆள் மாறும். என்னைப் பொறுத்தவரை, பல ஆண்டுகள் நிரல் எழுதியே பிழைத்த பிறகும் வாய்க்காத ஒரு பழக்கத்தை இந்தப் படிப்பு எனக்குத் தந்தது. ஒரு கூற்று எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு உண்மையாகிறது என்று கேட்கும் பழக்கம் அது.

பலதுறைத் தொழிற்கல்லூரி, தேசிய சேவை, இளநிலைப் பட்டம், பிறகு பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதும் வேலை என்று வந்த நான், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பள்ளியில் பகுதிநேர மாணவனாகச் சேர்ந்தேன். வகுப்புகள் பெரும்பாலும் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். அலுவலகத்திலிருந்து கிளமெண்டிக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து 96ஆம் எண் பேருந்தில் கென்ட் ரிட்ஜ் வளாகத்தை அடைந்தால் வகுப்புக்குச் சரியாக இருக்கும். ஒரு பருவத்திற்கு 13 வாரப் பாடங்கள், இடையில் ஒரு வார விடுமுறை. அந்த ஒரு வாரம் ஒப்படைப்புகளை முடிக்கவே போதாது என்பதைப் பகுதிநேரமாகப் படித்தவர்கள் அறிவார்கள்.

என்னை மாற்றிய பாடம் பகிர்ந்தியங்கும் அமைப்புகள். பல கணினிகள் வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டு ஒரே அமைப்பைப் போல இயங்குவதைப் பற்றிய பாடம் அது. என் அன்றாட வேலையே அதுதான் என்பதால் எளிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றேன். முதலில் வாசிக்கத் தந்தது கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட கட்டுரை. இரு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாத இடத்தில், எந்த நிகழ்வு முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சொல்வதற்கே பொருள் என்ன என்று அது கேட்கிறது. நேர முத்திரைகளை வரிசைப்படுத்திக் கணக்குத் தீர்க்கும் நிரல்களை நாள்தோறும் கையாண்டுவந்த எனக்கு, அந்த வரிசை எதை நம்பி நிற்கிறது என்ற கேள்வி அதுவரை எழுந்ததே இல்லை.

அடுத்து வந்தது ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகிய மூன்று கணினியியல் ஆய்வாளர்களின் 1985ஆம் ஆண்டு முடிவு. ஒரு செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலே போதும். எல்லாக் கணினிகளும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதியளிக்கும் நெறிமுறை, தற்செயல் தேர்வைப் பயன்படுத்தாதவரை, இருக்கவே முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். பதில் தராத கணினி இறந்துவிட்டதா, தாமதமாக இயங்குகிறதா என்பதை மற்றவற்றால் பிரித்தறிய முடியாததே இதன் வேர். அப்படியானால் நாம் பயன்படுத்தும் வங்கி அமைப்புகளும் தரவுத்தளங்களும் எப்படி இயங்குகின்றன என்று அந்த வாரம் முழுவதும் மனம் அலைந்தது.

அதற்கான விடைகளுள் ஒன்று, 2014இல் வெளிவந்த ராஃப்ட் நெறிமுறை. ஐந்து கணினிகள் இருந்தால் மூன்றின் ஒப்புதல் இருந்தால்தான் ஒரு முடிவு செல்லும். ஐந்தில் மும்மூன்று கணினிகள் கொண்ட எந்த இரண்டு குழுக்களைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கணினியாவது இரண்டிலும் இருந்தே தீரும் என்பதால், முரண்பட்ட இரண்டு முடிவுகள் ஒருங்கே நிலைபெற முடியாது. இந்தப் பாதுகாப்பு நேரத்தைச் சார்ந்ததில்லை. வேலை முன்னேறுகிறதா என்பது மட்டுமே நேரத்தைச் சார்ந்தது. இந்நெறிமுறையில் கணினிகள் வாக்களித்துத் தங்களுள் ஒன்றைத் தலைமையாக்கும். அந்தத் தலைமைக் கணினியிடமிருந்து செய்தி வராதபோது எவ்வளவு நேரம் காத்திருந்து புதிய தேர்தலைத் தொடங்குவது என்பதை ஒவ்வொரு கணினியும் 150 முதல் 300 மில்லி விநாடிக்குள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று ராஃப்ட்டை அறிமுகப்படுத்திய கட்டுரை பரிந்துரைக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் வேட்பாளராக நின்று வாக்குகள் சிதறிவிடக் கூடாதல்லவா. 1985ஆம் ஆண்டு முடிவு போட்ட வேலி எங்கே இருக்கிறது, 2014ஆம் ஆண்டு நெறிமுறை அதற்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருசேரப் புரிந்தபோது ஏற்பட்ட நிறைவு, வேலையில் எந்தத் திட்டத்தை முடித்தபோதும் எனக்குக் கிட்டியதில்லை.

வகுப்பு முடிந்ததும் தமிழ் பேசும் சிலர் உணவகத்தில் கூடுவோம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவரை எல்லாரும் அண்ணன் என்றே அழைப்போம். "கட்டுரையை மூடி வைத்துவிட்டுச் சொல்லுங்க தம்பி" என்பார். ஆங்கிலத்தில் என்றால் கட்டுரையின் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்துத் தப்பிவிடலாம். தமிழில் வாதிடும்போது அது நடக்காது. உண்மையிலேயே புரிந்திருந்தால்தான் வாய் திறக்க முடியும். அந்த மேசையில் நான் கற்றது வகுப்பறையில் கற்றதற்குக் குறைந்ததன்று.

இறுதித் திட்டப்பணிக்குத் தமிழ்ச் சொற்கூறாக்கத்தை, அதாவது கணினிக்காகத் தமிழ் உரையைத் துண்டுகளாகப் பிரிக்கும் வேலையை, எடுத்துக்கொண்டேன். ஏராளமான உரையிலிருந்து மொழியைக் கற்கும் நிரல்களான மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கின்றன. அடிக்கடி அடுத்தடுத்து வரும் துண்டுகளை இணைத்துக்கொண்டே போவது பரவலான முறை. இதற்கு அடியிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பயிற்சி உரையில் ஒரு மொழி போதிய அளவு இருந்தால்தான் அதன் சொற்கள் முழுமையாக இணையும். 'சிங்கப்பூர்' என்பது நமக்கு ஆறு எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் பதினொரு குறிகள். அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வீதம் 33 பைட்டு. அதே பெயருக்கு ஆங்கிலத்தில் ஒன்பது பைட்டு போதும். தமிழ் உரை குறைவாக இருந்த பயிற்சியில், மெய்யும் அதன் உயிர்க்குறியும் வெவ்வேறு துண்டுகளாகப் பிரிந்து கிடப்பதைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. கணினியில் தமிழுக்கு இடம் கேட்டு இந்த ஊரில் பலர் உழைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் தமிழ் இணைய மாநாட்டை இங்கேதான் நடத்தினார். தமிழ் எழுத்துகளைக் கணினியில் எந்த எண்களாகப் பதிவது என்று அவர்கள் எதிர்கொண்ட குறியேற்றச் சிக்கல் தீர்ந்து, அதற்கு மேல்தளத்தில் வேறொன்று முளைத்திருக்கிறது.

முதலில் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து, பிறகு இணைக்கும் முறையைச் சோதித்தேன். துண்டுகள் குறைந்தன. ஆனால் அந்தத் துண்டுகளைக் கொண்டு செய்த மொழிபெயர்ப்பின் தரமும் அதனால் உயர்ந்ததா என்பதற்கு என் தரவு தெளிவான சான்று தரவில்லை. அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்றார் என் வழிகாட்டி. எந்தத் தரவில், எந்த அளவுள்ள மொழி மாதிரியில் இது பொருந்தும் என்ற பத்தியைத் திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னார். அறிக்கையிலேயே மிகுந்த கவனத்துடன் எழுதப்பட்ட பத்தி அதுதான்.

இந்தப் படிப்பு குடும்பத்தின் தோளிலும் ஏறும். என் மாலைகள் வகுப்புக்குப் போன பருவங்களில் மனைவியும் மாமியாரும்தான் வீட்டைத் தாங்கினார்கள். சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பத்திற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். பாடங்களைத் தெரிவுசெய்யும்போது, ஒரு கருவியைக் கையாளக் கற்றுத்தரும் பாடத்தை ஒதுக்கிவிட்டு, நிறுவல்களும் மூலக் கட்டுரைகளும் உள்ள பாடத்தை எடுங்கள். கருவியை வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம். பகிர்ந்தியங்கும் அமைப்புகளை அலுவலகத்தில் சுமை குறைந்த பருவத்திற்கு ஒதுக்கி, லாம்போர்ட்டின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பருவம் தொடங்குமுன் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.