ஒரே 650 இன்ஜின், மூன்று உட்காரும் விதம்: ஏற்காட்டுச் சாலையை வைத்து பைக் தேர்ந்தெடுத்தது

ராயல் என்ஃபீல்டின் 650 வரிசையில் பைக் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எதில் பவர் அதிகம் என்று. இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, சூப்பர் மீட்டியார் மூன்றிலும் அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின்தான். சுமார் 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை), ஆறு கியர். ஹேண்டில்பார் எங்கே இருக்கிறது, ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) எங்கே இருக்கிறது, வண்டி எத்தனை கிலோ என்பதில்தான் வேறுபாடு. சேலத்தில் இருந்துகொண்டு அடிக்கடி ஏற்காடு மலையேறுபவருக்கு அடிவாரத்துக்கு மேலே உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளே இதற்குப் பதில் சொல்லிவிடும். நான் எடுத்தது, நிமிர்ந்து உட்கார வைக்கும் இன்டர்செப்டர்.

ஷோரூம் டெஸ்ட் ரைடு பெரும்பாலும் சமதளத்தில் முடிந்துவிடும். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சுற்று சுற்றினால் மூன்று வண்டியுமே சுகமாகத்தான் தெரியும். அதனால் நிற்கும் வண்டியிலேயே இரண்டு சோதனை செய்துபார்க்க வேண்டும். மலைக்குப் போடும் அதே பூட்ஸ், ஜாக்கெட்டோடு உட்காருங்கள். முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் ஹேண்டில்பாரிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். உடம்பு முன்னால் சரிந்தால், ஓட்டும்போது அந்த எடை முழுக்க மணிக்கட்டுக்குப் போகிறது என்று பொருள். அடுத்தது, வண்டியைக் காலால் உந்திப் பின்னோக்கி நகர்த்துவது. இன்டர்செப்டரில் ஃபுட்பெக் சரியாகக் காலை ஊன்றும் இடத்தில் வந்து கெண்டைக்காலில் இடிக்கும். இந்த வண்டியின் உண்மையான குறை இதுதான். குட்டையான கால் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஜிடியில் கிளிப்-ஆன் ஹேண்டில் (குனிந்து பிடிக்கும் தாழ்வான இரண்டு தனிப் பிடிகள்), பின்னுக்குத் தள்ளிய ஃபுட்பெக். ஏறும்போது அருமையான வண்டி. சாலை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உடம்பின் எடை பின்னால் போய்விடும், கைக்குச் சுமை தெரியாது. இறங்கும்போது நிலைமை தலைகீழ். சரிவும் பிரேக்கும் சேர்ந்து உடம்பை முன்னால் தள்ளும், தள்ளுகிற எடையைத் தாங்கும் கையே திருப்பவும் வேண்டும். இறுக்கிப் பிடித்த கை வளைவில் சரியாகத் திரும்பாது; வண்டி அகலமாகப் போய் எதிரே வரும் பஸ்ஸின் பக்கம் ஒதுங்கும். வயிற்றுத் தசையிலும் தொடையிலும் பலம் இருப்பவர் இதைச் சமாளிப்பார். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அவருடைய எடையும் ஓட்டுபவர் முதுகில் சாயும். டேங்க் 12.5 லிட்டர், இன்டர்செப்டரில் 13.7.

சூப்பர் மீட்டியாரின் சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், கால் நன்றாக ஊன்றும். தொப்பூர் வழியாக பெங்களூர் போகிறவருக்கு இதைவிடச் சுகமான வண்டி இந்த வரிசையில் இல்லை. ஆனால் எடை 241 கிலோ. ஃபுட்பெக் முன்னால் இருப்பதால் குழியைப் பார்த்ததும் சீட்டிலிருந்து எழுந்துகொள்ள முடியாது, அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். மலையில் சரிவாக இருக்கும் பார்க்கிங்கில் முன்சக்கரத்தை இறக்கத்தின் பக்கம் வைத்து நிறுத்திவிட்டால் பின்னால் இழுக்க இன்னொரு ஆள் வேண்டும். எந்த வண்டியானாலும் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள்.

இன்டர்செப்டர் என்று முடிவானபிறகும் ஸ்போக் சக்கரமா, அலாயா என்ற கேள்வி இருக்கிறது. 2023இல் வந்த அலாய் வேரியன்டில் டியூப்லெஸ் டயர். அழகுக்கு ஸ்போக்கையே சொல்வேன். ஆனால் அதில் டியூப். அடிவாரத்தை விட்டு ஏறிவிட்டால் பாதி வழியில் பஞ்சர் கடையை எதிர்பார்க்க முடியாது. 200 கிலோ வண்டியின் பின்சக்கரத்தைச் சாலையோரம் கழற்றி டியூப் மாற்றுவது மழையிலும் பனியிலும் நடக்கிற காரியமில்லை. டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் பிளக் கிட்டும் சின்ன பம்பும் போதும். மலைக்காக வாங்குகிறீர்கள் என்றால் அலாய்.

வாங்கியதும் எல்லோரும் சைலன்சரை மாற்ற ஓடுகிறார்கள். முதலில் தொட வேண்டியது பின் சஸ்பென்ஷன். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, ஆக்சில் மையத்திலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு குறி வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள நீங்கள் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். மொத்த அசைவு 88 மில்லிமீட்டர். அதில் 25 முதல் 30 வரை அமுங்கினால் சரி. அதற்கு மேல் அமுங்கினால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும். கொண்டை ஊசியில் எவ்வளவு திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமே போவது இதனால்தான். சி ஸ்பேனரால் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) ஒரு படி ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். ரொம்ப ஏற்றினால் வேகத்தடையில் பின்சக்கரம் உதைக்கும். முன் ஃபோர்க்கில் திருகும் வசதி இல்லை, அங்கே டயரின் காற்றழுத்தம்தான் கைக்கு எட்டும். தனியாகப் போகும்போது முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ. டயர் சூடாவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பிரேக், கிளட்ச் லீவர்களின் போல்ட்டைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்படி திருப்பிவையுங்கள். பத்து நிமிட வேலை. இறங்கும்போது கை வலி பாதியாகக் குறைந்தது இதனால்தான்.

இனி இன்ஜின். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. பவர் கொஞ்சம் இறங்குவது இயல்பு. கார்புரேட்டர் காலத்தைப் போல ஜெட் மாற்ற வேண்டியதில்லை, சென்சார் அளந்து சொல்ல இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்ன கணினி) பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இந்த இன்ஜின் 2,500 ஆர்பிஎம்மிலேயே பெரும்பாலான டார்க்கைக் கொடுத்துவிடும் என்பதால் வளைவுகளில் இரண்டாவது கியரே போதும், இறங்கும்போதும் அதே கியர்தான். மேலே போனதும் பவர் குறைகிறது என்று இசியு மேப்பை (அதில் பதிந்திருக்கும் பெட்ரோல் அளவுக் கணக்கை) மாற்றுவதில் மலைச் சாலைக்கு லாபம் எதுவும் இல்லை. சத்தமான சைலன்சர் அதைவிட மோசம்: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.