மாமாவின் ஒலிப்பதிவுகள்: ஒரு ஹார்ட் டிஸ்க் நாட்குறிப்பு

14 மே 2024, செவ்வாய்

மத்தியானம் யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து மாமா போன் எடுத்தார். "பிள்ளை, பாட்டுப்பெட்டி கொம்பியூட்டரிலை வருகுதில்லை. ஃபோமட் செய்யட்டோ எண்டு கேக்குது. ஓமெண்டு குடுக்கட்டோ?" ஒன்றையும் அழுத்த வேண்டாம், வயரைக் கழற்றி வையுங்கோ என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்த கையோடு அங்கே போனேன்.

பாட்டுப்பெட்டி என்று மாமா சொல்வது 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை. எழுபதுகளின் கடைசியில் இருந்து அவர் ரேப் ரெக்கோடரில் பிடித்த கோயில் மேளச்சமாக்கள் (நாதஸ்வர, தவில் கச்சேரிகள்), காத்தவராயன் கூத்து, ஊர்ப் பட்டிமன்றங்கள் எல்லாம் அதற்குள்தான். சுவிஸ், கனடாப் பக்கம் போன பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட்டுகளும் இருக்கின்றன. மூலக் கசெட்டுகளில் பெரும்பகுதி பூஞ்சணம் பிடித்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. இனி அவை ஓடாது.

டிஸ்கைக் காதருகே பிடித்துக் கேட்டேன். டிக், டிக் என்ற சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் வாசிக்கும் தலை பழுது. தூசியில்லாத அறையில் திறந்து வேலை செய்கிற ஆட்களிடம்தான் கொடுக்க வேண்டும். இது சீராகச் சுற்றுகிறது, இடையிடையே மட்டும் தயங்கி நிற்கிறது. நம்பிக்கை இருக்கிறது.

15 மே

லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென் டிரைவில் மடிக்கணினியைத் தொடங்கி, டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியம். 5ஆம் இலக்கம், பழுதாகிப்போன செக்டர்களுக்கு (டிஸ்கில் தரவு எழுதும் சின்னத் துண்டுகளுக்கு) பதிலாக டிஸ்க் தன் கையிருப்பில் இருந்து எத்தனையை மாற்றிப் போட்டது என்று சொல்லும். 197ஆம் இலக்கம், வாசிக்க முடியாமல் முடிவு தெரியாது காத்திருக்கும் செக்டர்கள் எத்தனை என்று சொல்லும். இரண்டுமே ஏறியிருந்தன. 197 நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது. அந்த இடத்திலேயே வயரைக் கழற்றினேன்.

இதற்குள் ஆளுக்கொரு யோசனை. டவுனில் ஒரு கடையில் செக்டிஸ்க் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். செக்டிஸ்க் கோப்பு அட்டவணையைத் திருத்துகிற கருவி. திருத்துவதற்கு அது டிஸ்கிலேயே எழுதும். சாகக் கிடக்கிற டிஸ்கில் எழுதினால், வாசிக்க முடியாத பதிவுகளை அது வேண்டாதவை என்று வெட்டிவிடவும் கூடும். சித்தப்பாவோ ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்துக் காற்றில் குளிர்ந்த இரும்பை வெளியே எடுத்தால் உள்ளேயும் வெளியேயும் நீர் கோத்துவிடும். இரண்டும் வேண்டாம் என்று மாமாவிடம் திடமாகச் சொன்னேன். அவர், "நீ சொல்லுறதுதான் பிள்ளை" என்றார்.

முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதியெடுப்பது. திருத்துவது, தேடுவது எல்லாம் பிரதியில்தான். புதிதாக 4 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினேன்.

17 மே

டிடிரெஸ்கியூ என்ற பிரதியெடுக்கும் மென்பொருள் ஓடுகிறது. விண்டோஸில் கோப்புகளை இழுத்துப் போட்டுப் பிரதியெடுத்தால், முதல் கெட்ட செக்டரிலேயே மாட்டிக்கொண்டு டிஸ்கைத் திரும்பத் திரும்ப அடிக்கும். ஒரு கெட்ட செக்டருக்கே டிஸ்க் பல விநாடிகள் மல்லுக்கட்டும். டிடிரெஸ்கியூ அப்படியில்லை. இலகுவாக வருகிறதை முதலில் அள்ளும். மோசமான இடம் வந்தால் தாண்டிப் போய்விடும். நல்லதெல்லாம் பத்திரமான பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து, ஓரங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். டிஸ்க் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்பதை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் இது.

இன்னொரு நன்மை, எது வந்தது, எது வரவில்லை என்பதை அது தனியே ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. பின்னேரம் கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு எல்லாம் நின்றது. கரண்ட் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன். விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது. எங்கள் ஊருக்கு அந்த ஒரு குணமே போதும்.

வெக்கை தாங்கவில்லை. மேசை விசிறியை டிஸ்குக்குத் திருப்பிவிட்டு நான் திண்ணையில் இருக்கிறேன்.

23 மே, வெசாக் விடுமுறை

பிரதி முடிந்தது. வராமல் போனது மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. கேட்டதும் மாமி பால் காய்ச்சிக் கொண்டுவந்து தந்தார். பழைய டிஸ்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாயிற்று.

ஆனால் எந்த ஒரு சதவீதம் என்பதில்தான் சிக்கல். அது என்டிஎஃப்எஸ் முறையில் எழுதிய டிஸ்க். ஒவ்வொரு கோப்பின் பெயர், திகதி, அது டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்ற விபரம் எல்லாம் தலைமை அட்டவணை ஒன்றில்தான் இருக்கும். கெட்ட இடங்களில் ஒரு துண்டு சரியாக அந்த அட்டவணைக்குள் விழுந்திருக்கிறது. பிரதியைத் திறந்தால் 2014க்குப் பிந்திய அடைவுகள் (ஃபோல்டர்கள்) பெரும்பாலும் ஒழுங்காகத் தெரிகின்றன. அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி இல்லை.

26 மே

இல்லை என்றால் அழிந்தது என்று பொருளில்லை. ஃபோட்டோரெக் என்ற கருவி அட்டவணையைப் பார்க்காமலே டிஸ்கை முதலில் இருந்து கடைசிவரை வாசித்து, கோப்புகளை அவற்றின் தலைப்பு அடையாளத்தால் கண்டுபிடிக்கும். வேவ் என்ற ஒலிக்கோப்பின் தொடக்கத்திலேயே அதன் நீளமும் எழுதியிருப்பதால், துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே தொடராக எழுதியிருந்தால் முழுதாக வந்துவிடும். மாமாவின் ஒலிப்பதிவுகள் ஒரு மணித்தியாலக் கசெட்டை ஒரே மூச்சில் எழுதியவை. கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டன.

பெயர்தான் வரவில்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட இலக்கமும், அவ்வளவுதான். எந்தக் கோயில், எந்த வருடம், யார் வாசித்தது, ஒன்றும் தெரியாது.

2014க்குப் பிறகு டொரன்டோவில் உள்ள மச்சான் சொல்லி, மாமா ஃப்ளாக் என்ற ஒலிக்கோப்பு முறைக்கு மாறினார். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே கலைஞர், இடம், திகதி என்று குறிப்பு எழுதலாம். மாமா எழுதினார். அப்படி எழுதிய கோப்புகளில் சில அட்டவணையை இழந்து இலக்கத்தோடு வந்தாலும், திறந்த உடனே உள்ளிருந்து பெயர் தெரிகிறது. 2009 முதல் 2014 வரை கசெட்டில் இருந்து மாற்றிய வேவ் கோப்புகளுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. பெயர் அடைவில்தான் இருந்தது, அடைவு போனதும் பெயரும் போய்விட்டது. இன்று முழுவதும் எனக்கு இதே எண்ணம். பொருளோடு ஒட்டி எழுதிய பெயர்தான் அதோடு கூட வருகிறது. இனி எங்கள் வீட்டில் ஒரு படம், ஒரு பாட்டுக்கூட வெறும் அடைவுப் பெயரை நம்பி இருக்கக் கூடாது.

1 ஜூன், சனி

விடியவே மாமா வந்துவிட்டார். கண் இப்போது அவ்வளவு தெரியாது, காது மட்டும் கூர்மை. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்து இலக்கக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்.

சிலவற்றில் வேலையே இல்லை. தொடக்கத்தில் மாமாவின் இளம் குரல்: "இன்று ஐந்தாம் திருவிழா, இரவு, வெளிவீதி." கசெட் மாறிப்போகாமல் இருக்க முதலிலேயே பேசி வைப்பாராம். மட்டையில் எழுதிய மை அழிந்துவிடும், நாடாவில் பேசினது அழியாது என்று தனக்கு யாரோ சொல்லித் தந்ததாகச் சொன்னார். ஃப்ளாக் குறிப்பு செய்கிற அதே வேலையை அவர் எண்பதிலேயே வாயால் செய்து வைத்திருக்கிறார்.

பேசாத கோப்புகள்தான் நாளை விழுங்கின. இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பேர்போன ஊர்கள். மாமா தவிலின் சொல்லைக் கேட்டே அது எந்த ஊர் ஆள், யாரிடம் படித்தவர் என்று சொல்கிறார். நான் அதைக் கேட்டு எழுதுவதோடு சரி, எனக்கு அந்த நுணுக்கம் பிடிபடாது. எனக்குப் பிடிபட்டது மற்றச் சத்தங்கள். ஒரு கோப்பில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கும்போது மைக்கில் காற்று மோதி இரைகிறது. "உது சோளகம். அப்ப ஆடிக்குக் கிட்ட" என்றார். பிறகு மணி அடித்தது. "மாவிட்டபுரம். அந்தக் கண்டாமணியைக் கேள், வேறை எங்கையும் உப்பிடிக் கேளாது." மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்தோடு முடிவது, காற்றும் மணியும் பொருந்துகின்றன. 1990இல் அந்தப் பக்கத்துச் சனம் முழுக்கப் போரால் இடம்பெயர்ந்தது. ஆகவே பதிவு அதற்கு முந்தியது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஹெலிகொப்டர் கேட்டது. தவில் ஒரு கணம் தளர்ந்து, பிறகு முன்னையதைவிட உரத்து எழுந்தது. "எண்பத்தாறுக்குப் பிறகுதான்" என்று மாமா சொல்லிவிட்டு, அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். 1986 முதல் 1989 வரை என்று குறித்துக்கொண்டேன். ஊகம் என்றும் பக்கத்தில் எழுதினேன். தெரிந்ததையும் ஊகித்ததையும் கலந்து எழுதினால் பின்னால் வருகிறவருக்கு நாங்கள் செய்கிற துரோகம் அது.

சாப்பிடும்போது மாமா நூலகத்தைப் பற்றிக் கதைத்தார். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து இன்றோடு 43 வருடம். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அச்சிட்ட புத்தகங்கள் பலவற்றுக்கு வேறு எங்கேயாவது இன்னொரு பிரதி கிடைத்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த கையெழுத்தும் ஏடும் திரும்பவில்லை. "அதாலைதான் நான் எல்லாத்தையும் பிடிச்சு வைச்சனான்" என்றார்.

4 ஜூன்

சில கோப்புகளில் நாதஸ்வரம் வழமைக்கு மேலே, கீச்சென்று கேட்கிறது. முதலில் கோப்புப் பழுதாக்கும் என்று நினைத்தேன். மாமாவைக் கேட்டால், அது தொண்ணூறுகளில் பிடித்தது என்கிறார். கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சனம் சைக்கிளை மிதித்து டைனமோவில் றேடியோ கேட்ட காலம். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து ரெக்கோடரில் போட்டிருக்கிறார். பதியும்போது நாடா மெதுவாக ஓடினால், சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிக் கேட்கும். கலைஞரின் வழமையான சுருதி எத்தனை கட்டை என்று மாமாவுக்குத் தெரியும். அதை அளவாக வைத்து வேகத்தைக் குறைத்தேன். பற்றரி இறங்க இறங்க வேகமும் மாறியிருப்பதால் ஒரே அளவு முழுவதற்கும் பொருந்தவில்லை. திருத்தியதைத் தனிக் கோப்பாக வைத்து, மூலத்தைத் தொடாமல் விட்டேன்.

9 ஜூன், ஞாயிறு

எந்தக் கோப்புகளுக்குள் ஓட்டை விழுந்திருக்கிறது? அதற்கும் டிடிரெஸ்கியூவில் வழி இருக்கிறது. பிரதியின் இன்னொரு பிரதியை எடுத்து, வாசிக்க முடியாத இடங்களை மட்டும் நான் கொடுத்த ஒரு சொல்லால் நிரப்பச் சொன்னேன். பிறகு எல்லாக் கோப்புகளுக்குள்ளும் அந்தச் சொல்லைத் தேடினால், அகப்படுகிறவை காயப்பட்டவை. பட்டியல் நான் பயந்ததைவிடச் சிறியது.

காயமும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியில்லை. சாதாரணச் சீடித் தரத்து வேவ் கோப்பில் 4 கிலோபைட் செக்டர் ஒன்று போனால் இழப்பு ஒரு விநாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. ஒரு சின்ன வெடிப்புக் கேட்கும், அவ்வளவுதான். ஃப்ளாக்கில் ஒரு சட்டம் (ஃப்ரேம் என்ற ஒலித்துண்டு) முழுவதும் போகும், அதுவும் பத்தில் ஒரு விநாடி அளவே. கலியாண வீடியோக்கள்தான் பாவம். அவை டிஸ்கில் சிதறி எழுதப்பட்டவை, சிலவற்றை ஒட்டவே முடியவில்லை. நல்லகாலம், மச்சான் 2016இல் வந்தபோது வீடியோக்களில் ஒரு பகுதியைப் பிரதியெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரவில் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்.

16 ஜூன், ஞாயிறு

வேவ் எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் குறிப்பை எழுதி முடித்தேன். ஃப்ளாக் தன் ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு அடையாளத்தையும் உள்ளேயே வைத்திருப்பதால், இனி ஒரு கோப்பு கெட்டால் ஒரே கட்டளையில் தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதாகக் கலண்டரில் எழுதியிருக்கிறேன்.

பிரதி ஒன்று இணுவிலில், ஒன்று என்னிடம், ஒன்று டொரன்டோவில். கலைஞர்களின் குடும்பங்கள் சம்மதித்தால், 2005இல் இருந்து ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்துக்கும் மேளச்சமாக்களைக் கொடுக்கலாம் என்று மாமா ஒத்துக்கொண்டார். குடும்பங்களைத் தானே போய்க் கேட்பதாகவும் சொன்னார்.

கிடைக்காதவற்றின் பட்டியலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், காத்தவராயன் கூத்தின் பிற்பாதி இல்லை என்ற இடத்தில் கையை உயர்த்தினார். அன்று இரவு மேடைக்கு மற்றப் பக்கத்தில் இன்னொரு ரெக்கோடரும் இருந்ததாம், கோப்பாய்க்காரர் ஒருவருடையது. ஆள் இப்போதும் அதே வீட்டில்தான். வருகிற சனிக்கிழமை போகிறோம். கசெட் பூஞ்சணம் பிடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வரும்படி மாமி சொல்லியிருக்கிறார்.