ஊசிக்குப் பின் வந்த ஐந்து நாட்கள்

முதுகுத்தண்டில் ஊசி என்றதுமே கால் விளங்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் வந்தது. அந்தப் பயத்திலேயே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஆனால் என்னைப் படுத்தியது ஊசி அல்ல, அதற்குப் பிறகு வந்த ஐந்து நாட்கள்.

இடுப்பின் அடியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐயில் தெரிந்திருந்தது. இடுப்பில் எப்போதும் ஒரு வலி. அது போதாதென்று இடது பிட்டத்தில் கிளம்பி குதிகால் வரை சுரீரென்று இழுக்கும். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. "எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி, அதாவது முதுகுத்தண்டில் நரம்பைச் சுற்றிப் போடும் இந்த ஊசி, கால் வலிக்குத்தான் நன்றாகக் கேட்கும். இடுப்பு வலி முழுக்கப் போகும் என்று நினைக்காதீர்கள். டிஸ்க்கை இது உள்ளே தள்ளாது, நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியைத்தான் குறைக்கும்" என்றார் மருத்துவர். தலையாட்டினேனே தவிர, காதில் ஏறவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, காய்ச்சல் உண்டா, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். சர்க்கரை இருப்பதை நானாகத்தான் சொன்னேன். நல்லவேளை, சொன்னேன்.

வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதலில் மரத்துப்போகும் ஊசி. எரிச்சலெடுத்தது அது மட்டும்தான். பிறகு சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே நீள ஊசியை இறக்கி, சாயம் சரியான இடத்தில் பரவுகிறதா என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்தினார்கள். அந்த நேரத்தில் கால் முழுக்க ஓர் அழுத்தம் இறங்கியது. வழக்கமாக வலிக்கும் அதே தடம். "அங்கேதான் வலிக்குமா?" என்று மருத்துவர் கேட்டபோது, ஆமாம் என்று கத்தியே விட்டேன். மொத்தமே இருபது நிமிடம் இருக்கும்.

எழுந்து நின்றால் வலியே இல்லை! கால் கொஞ்சம் மரத்திருந்ததால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. அன்று மாலை வரை சொர்க்கம். ராத்திரி வலி திரும்பி வந்தது, முன்பைவிடச் சற்று அதிகமாகவே. ஊசி தோற்றுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் போன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் சில மணி நேர சுகம் மரத்துப்போகும் மருந்தின் வேலை. அது இறங்கிவிடும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாமாம். கடும் தலைவலி, காய்ச்சல், காலில் பலவீனம், சிறுநீர் போவதில் சிரமம் வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்கள். இதையெல்லாம் அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு ராத்திரி அழுகை மிச்சமாகியிருக்கும்.

இடையில் முகம் சிவந்து சூடானது, தூக்கம் போனது. சர்க்கரை நாலைந்து நாள் எகிறியது. எல்லாம் ஸ்டீராய்டின் கைவரிசை, தானாக இறங்கிவிட்டது. ஆறாம் நாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தேன். கால் இழுக்கவில்லை.

இப்போது மூன்றாவது மாதம். கால் வலி வந்தாலும் லேசாகத்தான். மருந்தின் பலன் எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் உறுதி தரவில்லை, அதனால் வலி அடங்கியிருக்கும்போதே முன்பு செய்ய முடியாத உடற்பயிற்சிகளைத் தினமும் செய்கிறேன். இடுப்பு வலி? அது அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் முதல் நாளே சொன்னதுதானே.